ஊசியிலை மரம் காய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கோயம்புத்தூரில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் வேலை. பங்குனி பிறந்தால் போதும், “ஏனுங்க, அந்தக் கிறிஸ்துமஸ் மரம் காயுதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க” என்று போன் வர ஆரம்பித்துவிடும். போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் அது கிறிஸ்துமஸ் மரமாகவே இருக்காது. துஜாவாக இருக்கும், இல்லையென்றால் ஊட்டிக்குப் போனவர்கள் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்த கோல்டன் சைப்ரஸாக இருக்கும். ஒரே கேள்விக்குப் பத்து வீட்டில் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் சமவெளி வீடுகளை மனதில் வைத்துச் சொல்வது. மலையில் இருப்பவர்களுக்கு நடுவே தனியாக ஒரு தலைப்பு இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இந்த மரங்களின் இலை சொல்வது பழைய செய்தி. வெட்டிய சைப்ரஸ் கிளை ஒன்றைத் தண்ணீர்ச் சொம்பில் வைத்துப் பாருங்கள், வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். வேர் செத்த மரமும் அப்படித்தான் நிற்கும். இன்று பழுப்பாகத் தெரிவது ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்த கோளாறு. அதனால் இலையைப் பார்த்து மருந்து வாங்க ஓடாதீர்கள், முதலில் வேரடி மண்ணைத் தோண்டிப் பாருங்கள். காய்கிற மரத்துக்கு யூரியா, டிஏபி எதுவும் வேண்டவே வேண்டாம். வேர் குடிக்க முடியாத நிலையில் உப்பைக் கொட்டினால் மிச்ச வேரும் போகும்.

உங்களிடம் இருப்பது எது?

இது தெரியாமல் மேலே படித்துப் பயனில்லை. ஒரு நிமிடம்தான் ஆகும்.

இலை தட்டையான விசிறியாக, புத்தகத்தின் பக்கங்கள்போல் செங்குத்தாக அடுக்கி நின்றால் அது துஜா. மோர்பங்கி என்றும் விற்கிறார்கள். காயில் சின்னச் சின்னக் கொம்பு இருக்கும். சீனா, கொரியா பக்கத்து மரம், நம் வெயிலைத் தாங்கும்.

மஞ்சள் கலந்த பச்சை, கூம்பு வடிவம், கசக்கினால் எலுமிச்சை வாசனை: கோல்டன் சைப்ரஸ். இதன் பூர்வீகம் கலிஃபோர்னியாவில் மான்டரே கடற்கரையோரம், மூடுபனி வந்து நனைக்கிற இரண்டே இரண்டு சின்னத் தோப்புகள். ஊட்டியில் ஏன் செழிக்கிறது, நம் வீட்டு வாசலில் ஏன் சாகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தட்டுத் தட்டாக, ஒவ்வொரு அடுக்கும் சக்கரம்போல் விரிந்தால் அரக்கேரியா. ஊரார் வாயில் கிறிஸ்துமஸ் மரம் இதுதான். தொட்டால் குத்துகிற ஊசியும் மென்மையான செதிலும் ஒரே செடியில் இருந்தால் ஜூனிபர். அரளி இலைபோல் நீளமாக, தோல்போல் தடித்து இருந்தால் பொடோகார்பஸ். இதுவும் ஊசியிலைக் குடும்பத்து ஆள்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கடைசியாகச் சவுக்கு. பார்க்க ஊசியிலை மாதிரி இருந்தாலும் இது அந்த வகையே அல்ல, பூக்கிற மரம். ஊசியைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அப்படி வந்தால் கீழே சொல்லும் எதுவும் உங்களுக்கு இல்லை. அது இதில் பாதி நோய்க்கு அசையாது.

அறிகுறி 1: செடி முழுவதும் ஒரே மாதிரி மங்கி, சில வாரங்களில் காய்ந்துவிட்டது

எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த மரத்தூள் மாதிரி இருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். மண்மட்டம் வரை பழுப்பு என்றால் கதை முடிந்தது, பிடுங்கிவிட்டுக் காரணம் தேடலாம். காரணம் தெரியாமல் அதே குழியில் அடுத்த செடியை வைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவது செடியும் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

உயிர் இருந்தால்:

தண்ணீர் கூடியதா, குறைந்ததா? தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி அரை அடி ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசையுங்கள். தண்ணீர் கசிந்தால், அல்லது அமுக்கிய உருண்டை உடையாமல் சாக்கடை வாடை அடித்தால், கூடிப்போயிற்று. பொடியாக உதிர்ந்தால் குறைவு. மேல் மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம்மூர் வெயிலில் மேலே ஓர் அங்குலம் எப்போதுமே காய்ந்துதான் கிடக்கும், அதைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றித்தான் பாதிப் பேர் செடியைக் கொல்கிறார்கள்.

புல்தரை நடுவில் நிற்கும் துஜா என்றால் நான் தோண்டாமலே சொல்லிவிடுவேன். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், துஜாவுக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோ ஆழமாகப் போதும். இரண்டையும் ஒரே ஸ்ப்ரிங்க்ளரில் வளர்க்கவே முடியாது. துஜாவைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, அங்கே ஸ்ப்ரிங்க்ளர் படாதபடி திருப்புங்கள். தண்டின் மேல் மண் அணைத்து வைத்திருந்தால் அதையும் விலக்குங்கள். வேர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கவர் உள்ளேயே இருக்கிறதா? சிரிக்காதீர்கள். வடவள்ளிப் பக்கம் ஒரு வீடு. காம்பவுண்டை ஒட்டி வரிசையாகப் பதினான்கு துஜா, ஒன்றரை வருடம் நன்றாக நின்று, ஒரு கோடையில் ஐந்து காய்ந்தன. செத்த ஒன்றை ஒற்றைக் கையால் இழுத்தேன், முள்ளங்கி மாதிரி வந்துவிட்டது. அடியில் நர்சரியின் கறுப்புக் கவர் அப்படியே இருந்தது, விலை எழுதிய ஸ்டிக்கர்கூட உரியவில்லை. வேர் கவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிற்றுப் பந்தாகிவிட்டது. நட்ட ஆள் அவசரத்தில் அடியை மட்டும் கீறிவிட்டுப் புதைத்திருக்கிறார். மீதி ஒன்பதையும் மழைக்காலம் வரை காத்திருந்து, சுற்றிலும் தோண்டிக் கவரைக் கிழித்தெடுத்தோம். ஏழு பிழைத்தன. செடியைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து ஒரு கட்டியாக ஆடினால் கவரோ சுற்றிய வேரோதான் காரணம்.

களிமண் உருண்டையா? தூரத்திலிருந்து வரும் செடிகள் சிலவற்றில் வேரைச் சுற்றிச் செங்கல் மாதிரி இறுகிய களி இருக்கும். வெளியே செம்மண்ணும் தென்னை நார்க் கழிவும் போட்டுப் பொலபொலவென்று வைத்திருப்பீர்கள். தண்ணீர் சுலபமான வழியில் இறங்கிப் போய்விடும், உருண்டைக்குள் நுழையாது. சுற்றிலும் ஈரம், நடுவில் வறட்சி. மெல்லிய கம்பியை வேர்ப்பந்துக்குள் செருகிப் பாருங்கள். இறங்காமல் முரண்டினால் இதுதான். கம்பியால் பத்துப் பதினைந்து துளை போட்டு, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். புதுச் செடியானால் நடும் முன்பே உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெளிக் களியைக் கரைத்துவிடுவது நல்லது.

வேர் அழுகல். தோண்டிய இடத்தில் பென்சில் முனையளவு வேர் ஒன்றை எடுத்து இழுங்கள். தோல் உறைபோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். நல்ல வேர் உள்ளே வெள்ளையாக இருக்கும், இழுத்தால் முறுக்கும். கொஞ்சமாகத்தான் அழுகியிருக்கிறது என்றால் தண்ணீரை நிறுத்துங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடி நனைய ஊற்றுங்கள். மண் காய்ந்து இரண்டு வாரம் போனதும் வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா (கெட்ட பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) கலந்து போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் முதலாவது இரண்டாவதைக் கொல்லும். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் எந்த மருந்தும் காசுக்குக் கேடுதான்.

அடியில் கட்டடக் கழிவு. செலவு பிடிக்கும் காரணம் இது. புது வீடுகளில் காம்பவுண்டை ஒட்டி மேஸ்திரி கலவை போட்ட இடம் இருக்கும், மேலே ஒரு சட்டி மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள். கடப்பாரையை இறக்கினால் ஓர் அடியில் ‘ணங்’ என்று நிற்கும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அடுத்த நாள் காலையிலும் தேங்கி நின்றால் வடிகால் இல்லை. அந்த இடத்தை மூன்றடி ஆழம் வெட்டி மண் மாற்ற வேண்டும். நீளமான வரிசையானால் ஜேசிபி இல்லாமல் முடியாது. கிட்டத்தில் கழிவுநீர்க் குழாய் போகிறதென்றால் பிளம்பரைக் கேட்காமல் தோண்டாதீர்கள்.

இதெல்லாம் இல்லை, செடி கோல்டன் சைப்ரஸ் என்றால், காரணம் தேட வேண்டாம். அது தன் ஊரை விட்டு வந்ததுதான் காரணம். நானே தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு வாங்கி வந்து வீட்டு வாசலில் இரு பக்கமும் காவல்காரர்போல் வைத்தேன். தை வரை தங்கம்போல் இருந்தன. சித்திரைக்கு விளக்குமாறு.

அறிகுறி 2: உள்பக்கம் மட்டும் காய்ந்திருக்கிறது, வெளியே பச்சை

பெரும்பாலும் ஒன்றுமில்லை. ‘என்றும் பசுமை’ என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை. பழைய இலை உள்ளே வெயில் படாமல் காய்ந்து உதிரும், புதிது வெளியே வரும். கையை விட்டுக் காய்ந்ததை உலுக்கி எடுத்துவிடுங்கள், காற்றோட்டம் வரும். தேங்கிய சருகில் ஈரம் கட்டினால்தான் பூஞ்சணம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: வெளி நுனி மென்மையாக வளர்ந்துகொண்டிருக்கிறதா? ஆமென்றால் விட்டுவிடுங்கள். நுனியும் நின்றுபோயிருந்தால் அறிகுறி 1-க்குப் போங்கள்.

அறிகுறி 3: ஒரு பக்கம் மட்டும் காய்கிறது

இதில் நோயைவிட அக்கம்பக்கம்தான் குற்றவாளி. காய்ந்த பக்கம் எதைப் பார்த்து நிற்கிறது என்று நின்று பாருங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை மட்டும் பழுப்பு என்றால் நாய். வெளிக்கேட் ஓரத்துச் செடிகளில் சர்வசாதாரணம். நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, இரண்டு செங்கல்லைக் குறுக்கே வைத்தால் போதும்.

ஏசியின் வெளி யூனிட் அந்தப் பக்கம் ஊதுகிறதா? மதியம் இரண்டு மணிக்குக் கையை நீட்டிப் பாருங்கள். கை சுட்டால் செடியும் சுடுகிறது. யூனிட்டின் வாயில் காற்றைத் திருப்பும் தகடு மாட்டலாம், அல்லது செடியை மாற்ற வேண்டும். மேற்குப் பார்த்த வெள்ளைச் சுவரும் இதே வேலையைச் செய்யும். சுவருக்கும் செடிக்கும் மூன்றடி இடைவெளி இல்லையென்றால் சுவர்ப் பக்கம் பச்சை நிற்காது.

வீட்டுக்குச் சமீபத்தில் வெள்ளையடித்தார்களா, சிமென்ட் வேலை நடந்ததா? கழுவிய தண்ணீரைப் பெயிண்டர் எங்கே கொட்டினார் என்று விசாரியுங்கள். அநேகமாகச் செடி அடியில்தான் கொட்டியிருப்பார்.

இவை எதுவும் இல்லாமல், நடுவில் ஒரே ஒரு கிளை மட்டும் சிவந்து காய்ந்து, அதன் அடியில் பிசின் வடிந்து, பட்டை உள்வாங்கியிருந்தால் பட்டை நோய். அந்தக் கிளையைக் காயத்துக்கு ஒரு சாண் கீழே, நல்ல பகுதியில் வெட்டி எரித்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நடுத்தண்டிலேயே பிசின் வடிந்தால் வெட்ட ஒன்றுமில்லை. மரத்தை எடுக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: பச்சை மங்கி, தூசி படிந்த மாதிரி சாம்பல் நிறம்

செஞ்சிலந்தி. மாசிக்கும் வைகாசிக்கும் இடையில், துஜாவிலும் ஜூனிபரிலும். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை நான்கு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால், விரலால் தேய்த்தால் கோடு இழுத்தால், அதுதான். நகரவில்லை என்றால் வெறும் ரோட்டுப் புழுதி. கழுவிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கைவைத்தியமே நன்றாகக் கேட்கும். அதிகாலையில் ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கீழிருந்து மேலாக, உள்பக்கம் நனைய அடியுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். அடங்கவில்லை என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் காதி சோப், சாயங்காலம் மட்டும். வெயில் நேரத்தில் எண்ணெய் அடித்தால் வறுத்த மாதிரி ஆகிவிடும். நீலம் பூத்த ஜூனிபருக்கு எண்ணெய் வேண்டாம். அந்த நீலம் இலைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சு, எண்ணெய் பட்டால் போய்ச் சாதாரணப் பச்சையாகிவிடும்.

மருந்துக் கடையில் ‘பூச்சி மருந்து’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சிலந்தி பூச்சி இனமே அல்ல. பல பூச்சிமருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிட்டுச் சிலந்தியை விட்டுவிடும். அடித்த பத்தாம் நாள் முன்னைவிட அதிகமாக வரும். சிலந்திக்கென்று உள்ள மருந்தைப் பெயர் சொல்லி வாங்க வேண்டும், அதற்கு வேளாண் அலுவலர் ஒருவரிடம் தாளையும் கிளையையும் காட்டிக் கேட்பது மேல்.

அரக்கேரியாவில் கிளை பிரியும் மடிப்புகளில் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அதே வேப்பெண்ணெய்.

அறிகுறி 5: இலை மஞ்சளாகிறது

நுனி மஞ்சள், அடி பச்சை என்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. கோயம்புத்தூர், பல்லடம், திருப்பூர்ப் பக்கம் சுக்கான் மண் நிறைய. மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகரை ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு மண். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு விடாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூன்று தடவை இலைமேல் தெளியுங்கள். கீழே டைல்ஸ் இருந்தால் சாக்கு விரித்துவிட்டு அடியுங்கள். துருக்கறை பிடித்தால் போகாது, வீட்டம்மாவிடம் பேச்சு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

எல்லாமே மஞ்சள், கூடவே மண்ணில் ஈரம் என்றால் அறிகுறி 1, வேர். அடி இலை மட்டும் மஞ்சள், வளர்ச்சியும் மெதுவாக இருக்கிறது என்றால் பசிதான். மண்புழு உரம் இரண்டு கை போடுங்கள், போதும்.

நுனி மட்டும் தீய்ந்து, தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் தண்ணீரில் உப்பு. இங்கே ஒரு கேள்வி கேட்பேன்: ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களா? “வீணாப் போகுதேன்னு ஊத்தறோங்க” என்பார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து வெளியே வருவதுதான் அது. தரை கழுவுங்கள், பாத்ரூமுக்கு ஊற்றுங்கள், ஊசியிலைச் செடிக்கு வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அளந்து பாருங்கள். 1,000-க்கு மேல் போனால் துஜாவே முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டிச் செடிக்கு மழைத்தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி, அடியில் வடியவிட்டால் உப்பு கரைந்து இறங்கும்.

அறிகுறி 6: அரக்கேரியா சாய்கிறது

பயப்படும் முன் எந்தத் திசை என்று பாருங்கள். நம்மூரில் அரக்கேரியா என்று நிற்பவற்றில் பல, நியூ கலிடோனியாத் தீவுகளைச் சேர்ந்த குக் பைன். கப்பல் தலைவர் குக் 1774-ல் அங்கே போனதால் வந்த பெயர். இந்த மரத்துக்கு ஒரு விசித்திரக் குணம்: உலகில் எங்கே வைத்தாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும். 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று பல நாடுகளில் அளந்து, சராசரியாக ஏறத்தாழ 8 டிகிரி என்று கண்டது. கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு கூடுமாம். நாம் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம்தான் சாயும், அதுவும் தெற்கே. அடியிலிருந்தே சீராகத் தெற்கே சாய்ந்திருந்தால் அது மரத்தின் சுபாவம்.

வேறு திசையென்றால், அல்லது சமீபத்தில்தான் சாயத் தொடங்கியதென்றால், மேஸ்திரியின் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து ஆள் உயரத்தில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். குண்டு நிற்கும் இடத்தில் தரையில் ஒரு முளை. மாதம் ஒரு முறை பாருங்கள். குண்டு முளையை விட்டு நகர்ந்தால் மரம் நகர்கிறது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேடாகவோ இருந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் மரம் வெட்டுபவருக்கு முன் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தென்னை ஏறும் அண்ணனை அழைத்து, “மேலே மட்டும் கொஞ்சம் வெட்டிவிடுங்க” என்பது வேண்டாம். அவர் திறமைசாலிதான், ஆனால் அரக்கேரியாவின் கிளை தென்னை மட்டை அல்ல.

நுனி ஒடிந்துவிட்டதா? பக்கக் கிளையை நிமிர்த்திக் கட்டி நடுத்தண்டாக மாற்ற முயலாதீர்கள். பக்கக் கிளைக்குப் பக்கவாட்டில் வளரத்தான் தெரியும், வெட்டி வேர்விட வைத்தாலும் படுத்தே வளரும். ஒடிந்த தண்டின் தலையிலிருந்து இரண்டு மூன்று புதுக் குருத்து நேராக வரும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அடித்தட்டுக் கிளை உதிர்ந்தால் அது திரும்பி வராது. வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்த தொட்டி அரக்கேரியா கிளையைத் தொங்கவிடுவது வெளிச்சம் கேட்டுத்தான்.

அறிகுறி 7: வெட்டிய இடத்தில் துளிர்க்கவே இல்லை

துஜா, சைப்ரஸ், ஜூனிபர் மூன்றும் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. செம்பருத்தியை வெட்டுகிற பழக்கத்தில் வெட்டிவிடுகிறோம். பச்சை இருக்கும் வரைதான் கத்தரி போகலாம். ஏற்கெனவே வெட்டியாயிற்றென்றால் செய்ய ஒன்றுமில்லை. பக்கத்துக் கிளை மூடும் வரை முன்னால் ஒரு பூச்செடியை வைத்து மறைக்கலாம். அடிக்கடி வெட்டி வடிவம் வைக்கும் ஆசை இருந்தால் உங்களுக்கான மரம் பொடோகார்பஸ். அது கட்டையிலிருந்தும் துளிர்க்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு வீடுகளில் கோல்டன் சைப்ரஸும் சாதாரண சைப்ரஸ் வேலியும் தாராளமாக வைக்கலாம். அங்கே பயப்பட வேண்டியது அறிகுறி 3-ல் சொன்ன பட்டை நோய்க்கு. மழைநாளில் வேலி கத்தரிக்காதீர்கள். பெரிய மரம் வீட்டுமேல் சாய்ந்தாலும் சொந்த நிலம்தானே என்று வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பிடுங்கியாயிற்று, அடுத்து எதை வைப்பது?

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

வாசலில் கூம்பாக இரண்டு வேண்டும், வெயில் நன்றாக விழும், மண் செம்மண்: துஜா. செடிக்குச் செடி நான்கடி விடுங்கள். நர்சரியில் இரண்டடி போதும் என்பார்கள், செடி அதிகமாக விற்குமே.

பாதி நிழல், குறுகிய சந்து, கத்தரித்துச் சுவர்போல் வைக்க வேண்டும்: பொடோகார்பஸ். மெதுவாகத்தான் வளரும், விலையும் கூட. என்னைக் கேட்டால் சமவெளி வீட்டுக்கு இதற்கு ஈடு இல்லை.

கரிசல் மண், தண்ணீர் தேங்கும் இடம்: மேடு கட்டி, ஒன்றரை அடி உயர்த்தி வைத்தால் துஜா வரும். மேடு கட்ட மனமில்லை என்றால் ஊசியிலை வேண்டாம். உயரமாக, பச்சைத் தூணாக வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் நெட்டிலிங்கம் வையுங்கள். ‘எல்லா வீட்டிலும் இருக்கே’ என்பார்கள். எல்லா வீட்டிலும் உயிரோடு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கடற்கரை, உப்புக்காற்று: சவுக்கு. இளசிலிருந்தே கத்தரித்தால் அழகான வேலியாக நிற்கும்.

அரக்கேரியா வேண்டுமென்றால் வீட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் இருபதடி தள்ளி இடம் உண்டா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். அதன் சொந்த ஊரில் 60 மீட்டர் வரை போகும் மரம் அது. இடம் இல்லையா, தொட்டியிலேயே வைத்து டிசம்பருக்கு நட்சத்திரம் மாட்டுங்கள்.

வாங்கும் அன்று நர்சரிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கவரைக் கழற்றி வேரைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை வேர் நுனி மண்ணின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் நல்ல செடி. பழுப்பு வேர் பாய் பின்னியதுபோல் சுற்றியிருந்தால் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். வாங்கியதைப் புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் நடுங்கள். அடுத்த பங்குனி வருவதற்குள் வேர் இறங்க ஐந்து மாதம் கிடைக்கும். நட்ட முதல் கோடைக்கு வாரம் இரண்டு முறை பத்து லிட்டர், மெதுவாக. கவரைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டுத்தான் மண் தள்ள வேண்டும். நடுகிற ஆளிடம் இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.